கைத்திறனை அளந்த வரலாறு: வேலூர் முதல் பொருநைக் கரை வரை

நோயாலோ காயத்தாலோ பாதிக்கப்பட்ட ஒரு கை எவ்வளவு அசைகிறது, எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது, எதை உணர்கிறது, எந்தெந்த வேலையைச் செய்கிறது என்பவற்றை எண்ணால் குறித்து வைப்பதே கைத்திறனை அளத்தல் எனப்படுகிறது. பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தில் இது அடிப்படையான பணி. கை தேறி வருகிறதா, அப்படியே நிற்கிறதா, மோசமாகிறதா என்பதை அளவு இல்லாமல் சொல்ல முடியாது. அறுவை மருத்துவம் வேண்டுமா, பயிற்சி போதுமா என்று முடிவு செய்வதற்கும் அளவே துணை.

இந்த அளவு முறைகள் பல ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்தவை. ஆனால், அளந்து பார்த்ததாலேயே ஒரு பழைய தவறான நம்பிக்கை உடைந்த இடம் தமிழ்நாடு. அந்த வரலாற்றையும், அது தாமிரபரணிக் கரையில் உழைக்கும் கைகளுக்கு என்ன சொல்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கையே அளவுகோலாக இருந்த காலம்

கையை அளப்பதற்கு முன் மனிதர்கள் கையால் அளந்தார்கள். பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். சமையலில் சிட்டிகை, கைப்பிடி என்ற அளவுகள் இன்றும் உண்டு. திருநெல்வேலியில் கோவில் வாசல் பூக்கடைகளில் இப்போதும் முழக்கணக்கில்தான் பூ விற்கிறார்கள். பூக்காரம்மாவின் கை நீளமானால் வாங்குபவருக்கு ஆதாயம்; குட்டையானால் நட்டம். சந்தையில் இது பெரிய வேறுபாடு இல்லை.

மருத்துவத்தில் அப்படி விட்டுவிட முடியாது. ஒருவர் நோயாளியின் கையைப் பார்த்து ‘நன்றாக மடங்குகிறது’ என்று எழுதுகிறார். ஒரு மாதம் கழித்து வேறொருவர் அதே கையைப் பார்த்து ‘ஓரளவு மடங்குகிறது’ என்று எழுதுகிறார். கை மோசமாகிவிட்டதா, அல்லது எழுதியவர் மாறியதால் சொல் மாறியதா? இதைப் பிரித்தறியவே ஆளுக்கு ஆள் மாறாத அளவுகோல் தேவைப்பட்டது.

தொடக்கக்கால அளவுகள்

19-ஆம் நூற்றாண்டில் செருமானிய உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஐன்ரிச் வெபர், தோலின் மேல் அருகருகே இரண்டு முனைகளை வைத்து, அவை இரண்டாக உணரப்படும் மிகக் குறைந்த இடைவெளியை ஆராய்ந்தார். நலமான விரல் நுனியில் அந்த இடைவெளி 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. முதுகில் அது பல மடங்கு அதிகம். 1890-களில் மாக்ஸ் ஃபொன் ஃபிரே, வெவ்வேறு தடிப்புள்ள முடிகளைத் தோலில் அழுத்தித் தொடு உணர்வைச் சோதித்தார். மெல்லிய முடி சிறு விசையிலேயே வளைந்துவிடும்; தடித்த முடி வளைய அதிக விசை வேண்டும். எந்த முடியைத் தோல் முதலில் உணர்கிறதோ, அதுவே உணர்வின் அளவு.

தசை வலிமையை அளக்கும் முறையைப் போர்கள் வளர்த்தன. இரண்டாம் உலகப் போரில் நரம்பு அறுந்த வீரர்கள் ஏராளமாக மருத்துவமனைகளுக்கு வந்தனர். 1943-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 0 முதல் 5 வரையிலான தர எண்களை வெளியிட்டது. 0 என்றால் தசையில் துடிப்பே இல்லை. 1 என்றால் துடிப்பு மட்டும் தெரிகிறது. 2 என்றால் புவியீர்ப்பை எதிர்க்காத நிலையில் அசைவு உண்டு. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து அசைகிறது. 4 என்றால் எதிர்விசை கொடுத்தாலும் ஓரளவு தாங்குகிறது. 5 என்றால் இயல்பான வலிமை. எந்தக் கருவியும் இல்லாமல் கிராமத்து மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை என்பதால் இது உலகெங்கும் பரவி, இன்றும் நிலைத்திருக்கிறது.

வேலூரில் நேர்ந்த திருப்பம்

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில், சமயப் பணியாளர்களின் மகனாகப் பிறந்தவர். இங்கிலாந்தில் முதலில் கட்டட வேலையும் தச்சும் பயின்று, பிறகு மருத்துவம் படித்து அறுவை மருத்துவரானார். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

அக்காலத்தில் தொழுநோயால் மடங்கிப்போன கைக்கு மருத்துவம் இல்லை என்றே பலரும் கருதினர். நோயாளியின் தசை கெட்டுவிட்டது, அறுவை செய்தால் புண் ஆறாது, விரல்கள் தாமாகவே அழுகி விழும் என்பது பொது நம்பிக்கை. தொழுநோய் அறிஞர் இராபர்ட் காக்ரேன், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பிராண்டுக்குச் சுற்றிக் காட்டினார். அங்கே விரல்கள் வளைந்து நகம்போல் மடங்கிய ஒருவரிடம், தம் கையைப் பிடித்து அழுத்துமாறு பிராண்ட் கேட்டார். பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கை, பிராண்டுக்கு வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தது. பிடிக்கும் தசைகள் நலமாகவே இருந்தன என்பதை அந்தப் பிடி காட்டியது.

இதன்பின் பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் கைகளில் ஒவ்வொரு தசையாகச் சோதித்துக் குறித்து வைத்தனர். குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தென்பட்டது. முழங்கையின் உட்புறமாகச் செல்லும் அல்நார் நரம்பு அடிக்கடி பாதிக்கப்படுகிறது. உள்ளங்கைப் பக்கமாக வரும் மீடியன் நரம்பு மணிக்கட்டு அருகே பாதிக்கப்படுகிறது. ஆனால் முன்கையில் ஆழமாகச் செல்லும் இடத்தில் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மணிக்கட்டை நிமிர்த்தும் ரேடியல் நரம்பு அரிதாகவே பாதிக்கப்படுகிறது. எனவே கைக்குள் இருக்கும் சிறு தசைகள் செயலிழந்தாலும், முன்கையில் வலுவான தசைகள் மிஞ்சியிருக்கின்றன.

மிஞ்சியிருப்பது எது என்று தெரிந்தால் அதை வேறு வேலைக்குத் திருப்பலாம். நலமான ஒரு தசையின் தசைநாணை இடம் மாற்றி, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யவைக்கும் அறுவை முறையை 1948 முதல் பிராண்ட் தொழுநோய்க் கைகளில் மேற்கொண்டார். புண்கள் ஆறின, விரல்கள் நிமிர்ந்தன. 1952-இல் இலண்டன் அரச அறுவை மருத்துவக் கல்லூரியில் ஹண்டர் நினைவுச் சொற்பொழிவாக இதை எடுத்துரைத்தார். வேலூருக்கு அருகில் காரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை அமைந்தது.

இதே மரபில் வந்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஒரே விரலுக்கு மூன்று கோணங்கள்

மூட்டு எவ்வளவு மடங்குகிறது, நீள்கிறது என்பதை அளக்கும் கருவி கோனியோமீட்டர். பள்ளிப் பாகைமானியில் இரண்டு கைகள் பொருத்தியது போல இருக்கும். விரலில் மூன்று மூட்டுகள். நலமான விரலில் அவை மடங்கும் கோணங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 260 பாகை வரும்.

தொழுநோய்க் கை மருத்துவத்தில் விரலின் நடுமூட்டை மூன்று விதமாக அளப்பார்கள். முதலில், விரலடி மூட்டை மடக்கி வைத்துக்கொண்டு நடுமூட்டை நீட்டுமாறு நோயாளியிடம் சொல்வார்கள். எத்தனை பாகை நீளாமல் நிற்கிறதோ, அது உதவியில்லாக் கோணம். அடுத்து, மருத்துவர் விரலடி மூட்டைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நோயாளி மீண்டும் நீட்ட வேண்டும். இப்போது நீளாமல் நிற்பது உதவிக் கோணம். கடைசியாக, நோயாளி முயலாமல் இருக்க, மருத்துவரே மெல்ல நீட்டிப் பார்ப்பார். அப்போதும் நீளாமல் நிற்பது இறுக்கக் கோணம்.

எடுத்துக்காட்டாக, ஒரு விரலில் இவை முறையே 60, 20, 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். 60-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளி, சிறு தசைகள் செயலிழந்ததால் வந்தது. தசைநாண் மாற்றத்தால் சரியாகலாம். 20-க்கும் 10-க்கும் உள்ள இடைவெளி, விரலை நீட்டும் அமைப்பின் தளர்ச்சியைக் காட்டும். மிஞ்சிய 10 பாகை, மூட்டே இறுகியதால் வந்தது. எண்ணெய் தடவிய பயிற்சி, மெழுகு ஒத்தடம், மாவுக்கட்டு ஆகியவற்றால் அறுவைக்கு முன்பே இதைத் தளர்த்த வேண்டும். ‘விரல் வளைந்திருக்கிறது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு காரணங்கள் மறைந்திருப்பதை மூன்று எண்கள் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். இறுகிய மூட்டை எவ்வளவு விசையில் தள்ளி அளந்தோம் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும் என்ற கருத்து அவருடைய அங்கத்திய பணியில் வலுப்பெற்றது. பலமாகத் தள்ளினால் எந்த விரலும் இன்னும் சில பாகை நீளும். எனவே விசை தெரியாத கோணம் அரை உண்மைதான். கையின் இயந்திரவியல் பற்றிய அவருடைய நூல் 1985-இல் வெளிவந்தது.

வலிமை இருந்தும் உணர்வில்லாத கை

வேலூர் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பெரியவர்களால் திறக்க முடியவில்லை. தொழுநோயுள்ள சிறுவன் ஒருவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பிறகு பார்த்தால் அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்குக் காயம். அவனுக்கு வலிக்கவே இல்லை. பிடியின் வலிமையை மட்டும் அளந்திருந்தால் அந்தக் கைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்போம்.

விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்வற்றுப்போனதால் காயப்பட்டுக் குறைகின்றன என்பதைப் பிராண்ட் இவ்வாறே நிறுவினார். சிகிச்சை பெற்றவர்களுக்காக 1951-இல் வேலூரில் தொடங்கிய புதுவாழ்வு மையத்தில் தச்சு வேலை கற்பித்தார்கள். அங்கே ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடப்பட்டது. சில சிராய்ப்புள்ள கருவிப் பிடியால் வந்தவை. சில சூடான பாத்திரத்தால் வந்தவை. உறங்கும்போது எலி கடித்ததும் உண்டு. அதற்குப் பூனை வளர்த்தார்கள்.

உணர்வை அளக்க, ஃபொன் ஃபிரேயின் முடிகளுக்குப் பதிலாக நைலான் இழைகளை செம்ஸ், வைன்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 1960-ஆம் ஆண்டளவில் பயனுக்குக் கொண்டுவந்தனர். ஒவ்வோர் இழையும் குறிப்பிட்ட விசையில் வளையும். கைக்கான சிறு தொகுப்பில் ஐந்து இழைகள் உண்டு. ஏறத்தாழ 0.07 கிராம் இழையை உணர்ந்தால் உணர்வு இயல்பானது. 0.2 கிராம் என்றால் மெல்லிய தொடுகை குறைந்துள்ளது. 2 கிராம் என்றால் காக்கும் உணர்வு குறைந்துள்ளது. 4 கிராம் அல்லது 300 கிராம் இழையைத்தான் உணர முடிகிறது என்றால், சூடும் கூர்மையும் தெரியாமல் கை காயப்படக்கூடும். சோதனையின்போது நோயாளி கண்ணை மூடியிருக்க வேண்டும். இழை வளையும் வரை மட்டுமே அழுத்த வேண்டும். இழைகள் கிடைக்காத இடங்களில் களப்பணியாளர்கள் பந்துமுனைப் பேனாவால் மெல்லத் தொட்டுச் சோதிக்கிறார்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் தொழுநோய் ஊனத் தரத்தில், ஊனம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளங்கையில் உணர்விழப்பு இருந்தாலே தரம் 1. கண்ணுக்குத் தெரியும் ஊனம் இருந்தால் தரம் 2.

பிடியின் வலிமை

கைப்பிடியின் வலிமையை அளப்பது டைனமோமீட்டர். பரவலாக வழங்குவது ஜாமர் வகை. இதன் கைப்பிடியை ஐந்து நிலைகளில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாம் நிலையே பொது வழக்கம். நோயாளி நாற்காலியில் அமர்ந்து, மேற்கையை உடலோடு ஒட்டி, முழங்கையை 90 பாகை மடக்கி, கட்டை விரல் மேல் நோக்கி இருக்குமாறு பிடிக்க வேண்டும். மூன்று முறை அழுத்தி, சராசரியைக் குறிக்க வேண்டும். அமெரிக்கக் கை சிகிச்சையாளர் சங்கம் 1981-இல் இம்முறையைப் பரிந்துரைத்தது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். காலாண்டுத் தேர்வுக்கு எளிய வினாத்தாளும் அரையாண்டுத் தேர்வுக்குக் கடினமான வினாத்தாளும் கொடுத்துவிட்டு, மாணவன் பின்தங்கிவிட்டான் என்று சொல்வது நியாயமாகாது. முழங்கையை நீட்டிப் பிடித்தபோது ஒரு எண்ணும், மடக்கிப் பிடித்தபோது வேறு எண்ணும் வரும். முறை மாறினால் இரண்டு எண்களையும் ஒப்பிடக் கூடாது. கோனியோமீட்டரில்கூட ஏறத்தாழ 5 பாகை வேறுபாடு அளப்பவரின் கையால் வந்துவிடலாம். ஆகவே 3 பாகை கூடியதை முன்னேற்றம் என்று கொண்டாடக் கூடாது.

கை என்ன வேலை செய்கிறது?

கோணமும் விசையும் உணர்வும் கையிடம் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. அவற்றை வைத்துக் கை என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் எரிக் மோபெர்க் 1958-இல், சிறு பொருள்களைக் கண் திறந்தும் மூடியும் பொறுக்கி எடுக்கும் சோதனையை விளக்கினார். கண்ணை மூடியதும் தடுமாறும் கைக்கு உணர்வு போதவில்லை என்று பொருள்.

1969-இல் ஜெப்சன் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் ஏழு பகுதிகள் கொண்ட சோதனையை வெளியிட்டனர். ஒரு வாக்கியம் எழுதுதல், அட்டைகளைத் திருப்புதல், நாணயம் போன்ற சிறு பொருள்களை எடுத்துப் போடுதல், கரண்டியால் பீன்ஸ் விதைகளை அள்ளுதல், வட்டக் காய்களை அடுக்குதல், வெற்று டப்பாக்களை நகர்த்துதல், எடையுள்ள டப்பாக்களை நகர்த்துதல் ஆகியவை அவை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி என்று கணக்கிடுவார்கள். ஒன்பது துளைகளில் முளைகளைச் செருகி எடுக்கும் எளிய சோதனையும் பரவலாக உள்ளது.

இவை நல்ல சோதனைகள்; ஆனால் இவற்றில் அமெரிக்க வாழ்க்கையின் சாயல் உண்டு. கரண்டியால் விதை அள்ளத் தெரிந்த கைக்குச் சோறு பிசைந்து உண்ணத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. சோறு பிசைய ஐந்து விரல் நுனிகளும் கூட வேண்டும். குழம்பின் சூடு தெரிய வேண்டும். கவளத்தைக் கட்டை விரல் வாய்க்குள் தள்ள வேண்டும்.

பொருநைக் கரைக் கைகள்

திருநெல்வேலி வட்டாரத்தில் கையை நம்பி வாழும் தொழில்கள் பல. பத்தமடையில் கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, நுண்ணிய இழைகளாகக் கீறி, பட்டுப்போல மடியும் பாய் நெய்கிறார்கள். முக்கூடல், மேலப்பாளையம், கடையம் பகுதிகளில் பெண்கள் வீட்டிலேயே பீடி சுற்றுகிறார்கள். இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. வீரவநல்லூரில் கைத்தறி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம்.

பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை நோயாலோ மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாலோ விரல் நுனிகள் மரத்துப்போனால், டைனமோமீட்டரில் எண் குறையாமலே இருக்கலாம். ஆனால் நாள் கூலி பாதியாகிவிடும். அவருக்கு உண்மையான அளவுகோல், ஒரு மணி நேரத்தில் எத்தனை பீடி, எத்தனை முறை இலை நழுவுகிறது என்பதுதான். பாய் நெய்பவருக்கு, ஒற்றைக் கோரையைப் பிரித்தெடுக்க முடிகிறதா என்பது அளவு. இத்தகைய வேலைகளையும் ஒரே பொருள், ஒரே இருக்கை, ஒரே கால அளவு என்று வரையறுத்துக்கொண்டால், நொடிக்கணக்கில் நம்பகமாக அளக்க முடியும்.

கோணம் கூடுவதே நன்மை என்று எண்ணுவதும் தவறாகலாம். கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட சிலருக்கு விரல்கள் செயலிழந்தாலும் மணிக்கட்டை நிமிர்த்த முடியும். மணிக்கட்டு நிமிரும்போது, சற்று இறுகியிருக்கும் விரல் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமே மூடிக்கொள்ளும். அந்தப் பிடியில் தம்ளரைத் தூக்கலாம். விவரம் அறியாமல் விரல்களை முழுதாக நீட்டிப் பயிற்சி கொடுத்தால் கோணம் கூடும், பிடி போய்விடும். தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர். இவ்வகைக் காயத்துடன் வாழ்பவர்களுக்கு மறுவாழ்வு மையம் எவ்வளவு தேவை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

அளவின் எல்லை

பிராண்டின் தொடக்கக்கால நோயாளிகளில், அறுவைக்குப்பின் விரல்கள் நிமிர்ந்து ஊர் திரும்பிய சிலர் மனம் நொந்து வந்தனர். மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது. நிமிர்ந்த கைக்கு விழவில்லை. தொழுநோய்த் தழும்பு இருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. கோணப்படி பார்த்தால் அறுவை வெற்றி. வாழ்க்கைப்படி பார்த்தால் அவர்கள் முன்னைவிட ஏழைகள். புதுவாழ்வு மையம் பிறந்தது இதனால்தான். அறுவைக்கும் பயிற்சிக்கும் பின் தொழில் என்ற மூன்றாம் படி சேர்ந்தது.

இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து உண்டு. 2005-இல் இந்தியா தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற இலக்கை எட்டியது. ஆயினும் உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவிலேயே கண்டறியப்படுகிறார்கள். பக்கவாதம், சர்க்கரை நோய், இயந்திர விபத்து ஆகியவற்றால் கைத்திறன் இழப்போரும் பலர்.

கை சிகிச்சைக்குச் செல்பவர்களும் குடும்பத்தாரும் மூன்றைக் கேட்டுப் பெறலாம். முதல் நாளிலேயே கோணம், வலிமை, உணர்வு ஆகியவற்றை அளந்து எழுதித்தரச் சொல்ல வேண்டும். அடுத்த முறையும் அதே கருவியால், அதே இருக்கையில், கூடுமானவரை அதே ஆள் அளக்க வேண்டும். அந்தக் கை எந்த வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும், அந்த வேலையை இப்போது எவ்வளவு நேரத்தில் செய்கிறது என்பதையும் அதே தாளில் சேர்க்க வேண்டும். இந்த மூன்றும் உள்ள தாள், எந்த மருத்துவமனைக்கு மாறினாலும் சிகிச்சை விட்ட இடத்திலிருந்து தொடர உதவும்.